யாருடைய அந்தரங்கம்?
மருத்துவ ஆய்வுக் கட்டுரை என்னும் பிரதி குறித்து

கதை, கவிதை, நாவல் எல்லாவற்றையும் நாம் விமர்சனத்துக்கு உட்படுத்துகிறோம். பேசுவது யார், யாரைப் பற்றிப் பேசுகிறார், பேசப்படுகிறவருக்கு வாய் இருக்கிறதா என்று கேட்கிறோம். தலித் விமர்சனம் தமிழில் செய்த முக்கியமான வேலையே இந்தக் கேள்விகளை விடாமல் கேட்டதுதான். ஆனால் ஒரு வகைப் பிரதி மட்டும் இவற்றிலிருந்து தப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது. அது மருத்துவ ஆய்வுக் கட்டுரை. விஞ்ஞானம் என்கிற பட்டத்தைக் கட்டிக்கொண்டு வருவதால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறோமே தவிர, எழுதப்பட்ட ஒன்று என்று யாரும் பார்ப்பதில்லை.

அதன் மொழியைக் கவனியுங்கள். 'ரத்தம் எடுக்கப்பட்டது.' 'திசு அகற்றப்பட்டது.' 'நோயாளிகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர்.' எல்லாம் செயப்பாட்டு வினை. எடுத்தவர் யார்? இல்லை. எடுக்கும்போது அந்த ஆள் என்ன சொன்னார்? இல்லை. கடைசியில் ஒரு வரி வரும்: 'ஒப்புதல் பெறப்பட்டது.' எந்த மொழியில் கேட்டார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள், வேணாம் என்று சொல்ல முடிகிற நிலையில் அவர் இருந்தாரா, அது எதுவும் அந்த வரியில் கிடையாது. ஒரு பண்ணையார் கதையில் 'அவளும் சம்மதித்தாள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனால் நாம் சும்மா விடுவோமா?

ஒப்புதல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தரங்கம். நோயாளியின் பெயரை மறைத்துவிட்டால் அவருடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றிவிட்டதாக ஆய்வுலகம் நம்பி வந்திருக்கிறது. மறைப்பது நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உடல்கள்மேல் எழுதப்பட்ட சில கட்டுரைகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

*

ஹென்ரியெட்டா லேக்ஸ் 1920இல் பிறந்தவர். வர்ஜீனியாவில் புகையிலைக் காட்டில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண். ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். 1951 ஜனவரியில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அங்கே கறுப்பர்களுக்குத் தனி வார்டு இருந்த காலம். கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றார்கள். சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் சம்மதம் என்று ஒரு பொதுவான படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்யும்போது கட்டியிலிருந்து ஒரு துண்டைத் தனியாக எடுத்தார்கள். அது சிகிச்சைக்கு இல்லை, ஜார்ஜ் கை என்கிற ஆய்வாளரின் சோதனைக்கூடத்துக்கு. அவரிடம் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்று சட்டமும் அன்று இல்லை. அந்த வருடம் அக்டோபர் 4ஆம் தேதி, 31 வயதில், அவர் இறந்துபோனார்.

செல்கள் சாகவில்லை. மனித உடலுக்கு வெளியே முடிவில்லாமல் பெருகிய முதல் மனிதச் செல்கள் அவை. பெயரின் முதல் இரண்டு எழுத்து, குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்து, இரண்டையும் சேர்த்து 'ஹீலா' என்று பெயர் வைத்தார்கள். போலியோ தடுப்பூசிச் சோதனையிலிருந்து வைரஸ் ஆராய்ச்சி வரை உலகம் முழுக்க அவை போயின. கை அவற்றை இலவசமாகத்தான் கொடுத்தார். பிறகு கம்பெனிகள் விலைக்கு விற்றன.

இனி அச்சில் நடந்ததைப் பார்ப்போம். பல வருடங்கள் அந்தப் பெண் 'ஹெலன் லேன்' அல்லது 'ஹெலன் லார்சன்' என்கிற பொய்ப் பெயரில் உலவினார். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொய்ப் பெயரால் குடும்பத்துக்கு விஷயம் தெரியாமல் போனது என்பதும் உண்மை. தன் மனைவியின் உடலிலிருந்து எடுத்தது உயிரோடு இருக்கிறது என்று கணவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. காப்பாற்றப்பட்டது யார்?

1970இல் கை இறந்தார். அடுத்த வருடம் ஒரு மருத்துவ இதழில் அவருடைய சகாக்கள் அவரைப் போற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்கிற உண்மைப் பெயரைப் போட்டுவிட்டார்கள். குடும்பத்திடம் கேட்கவில்லை. அஞ்சலி டாக்டருக்கு, அம்பலமானது நோயாளி. பெயரை மறைத்தபோதும் அவர்களே முடிவு செய்தார்கள். வெளியிட்டபோதும் அவர்களே முடிவு செய்தார்கள். இரண்டு தடவையும் குடும்பம் வெளியேதான் நின்றது.

1973இல் தற்செயலாக ஒரு பேச்சுவாக்கில் மருமகளுக்கு விஷயம் தெரியவந்தது. அதே காலத்தில் ஆய்வாளர்கள் குடும்பத்தைத் தேடி வந்து ரத்தம் எடுத்தார்கள். ஹீலா செல்கள் மற்ற சோதனைக்கூடச் செல்களில் கலந்துவிட்டன, பிரித்து அடையாளம் காண மரபுக் குறிகள் வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. மகள் வேறு மாதிரி புரிந்துகொண்டார். அம்மாவுக்கு வந்த நோய் எனக்கும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்தார். ரிசல்ட் வரும், வரும் என்று காத்திருந்தார். ரிசல்ட் அவருக்கு வரவில்லை. 1976இல் 'சயன்ஸ்' இதழில் ஹீலா செல்லின் மரபுக்கூறுகள் பற்றிய கட்டுரையாக வந்தது. இங்கே கையை நீட்டியதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எதற்கென்று தெரியாமல் நீட்டிய கை அது.

1980களில் வெளிவந்த ஒரு புத்தகம் ஹென்ரியெட்டாவின் மருத்துவப் பதிவேட்டையும் பிரேதப் பரிசோதனைக் குறிப்பையும் எடுத்துப் போட்டது. அம்மா பட்ட வேதனையைப் பிள்ளைகள் கடையில் விற்கிற புத்தகத்தில் படிக்க நேர்ந்தது. 2010இல் ரெபெக்கா ஸ்க்லூட் எழுதிய புத்தகம் வந்து, பல வருடங்கள் குடும்பத்தோடு பழகிச் சேகரித்த கதையை உலகம் அறிந்தது. இனியாவது கேட்பார்கள் என்று நினைப்போம் இல்லையா? 2013 மார்ச்சில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள் ஹீலாவின் முழு மரபணுத் தொடரையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அப்போதும் கேட்கவில்லை.

மரபணுத் தொடர் செத்தவரோடு முடிகிற விஷயம் இல்லை. ஒருத்தியின் ரத்தத்தை எழுதினால் பேரன் பேத்தியின் ரத்தமும் சேர்த்து எழுதப்படுகிறது. குடும்பம் எதிர்த்தது. ஆய்வாளர்கள் தகவலை விலக்கிக்கொண்டார்கள். அந்த வருடம் ஆகஸ்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அந்தத் தகவலைப் பார்க்க விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தைச் சேர்ந்த 2 பேர் உட்கார்வார்கள். கட்டுரைகளில் ஹென்ரியெட்டாவுக்கும் குடும்பத்துக்கும் நன்றி தெரிவிக்க வேண்டும். குடும்பம் ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை, நாங்களும் அந்த மேசையில் இருப்போம் என்றது. 62 வருடம் ஆயிற்று அந்த நாற்காலியில் உட்கார.

கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஹீலா செல்களால் லாபம் பார்த்த தெர்மோ ஃபிஷர் கம்பெனிமேல் 2021இல் குடும்பம் வழக்குப் போட்டது. 2023 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது. சமரசத்தின் விவரங்கள் ரகசியம். அவருடைய பெயர், பதிவேடு, பிரேதப் பரிசோதனை, மரபணு எல்லாம் ஊருக்குத் திறந்து கிடந்தது. கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பது மட்டும் பூட்டிக் கிடக்கிறது. அந்தரங்கம் என்பது எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

*

அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் இருந்த கறுப்பின மக்களின் கல்வி நிறுவனத்தில்தான் 1953இல் போலியோ தடுப்பூசிச் சோதனைக்காக ஹீலா செல்கள் பெரிய அளவில் வளர்க்கப்பட்டன. வளர்த்தவர்கள் கறுப்பின விஞ்ஞானிகள். அதே வட்டாரத்தில் 1932 முதல் இன்னொரு ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். சிகிச்சை தராமல் விட்டால் நோய் உடம்பை என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. 'கெட்ட ரத்தம்' என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததை விசேஷ சிகிச்சை என்றார்கள். 1940களில் பென்சிலின் வந்தது. அதுவும் அவர்களுக்குத் தரப்படவில்லை. 1972இல்தான் ஆராய்ச்சி நின்றது.

இதை ரகசிய ஆராய்ச்சி என்று நினைக்கிறோம். அது தவறு. 1936 முதலே இதன் முடிவுகள் மருத்துவ இதழ்களில் கட்டுரைகளாக வந்துகொண்டிருந்தன. நீக்ரோ ஆண்களில் சிகிச்சையளிக்கப்படாத சிஃபிலிஸ் என்று தலைப்பிலேயே போட்டார்கள். ஆசிரியர் குழு படித்தது, வாசகர்கள் படித்தார்கள், நூலகத்தில் பைண்டு செய்து வைத்தார்கள். 1964இல் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இர்வின் ஷாட்ஸ் என்கிற இளம் டாக்டர் 1965இல் ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார், இது எப்படி நியாயம் என்று. பதில் வரவில்லை. கடைசியில் பீட்டர் பக்ஸ்டன் என்கிற சுகாதாரத் துறை ஊழியர் பத்திரிகைக்காரரிடம் போன பிறகுதான், 1972 ஜூலையில், விஷயம் வெடித்தது. பம்பாயில் தலித் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தங்களுக்குத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டதும் அதே வருடம்தான்.

அந்தக் கட்டுரைகளில் 1953இல் வந்த ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இருபது வருடம் இவர்களை எப்படி ஆராய்ச்சியில் தக்கவைத்தோம் என்று சொல்வதுதான் அதன் பொருள். காரில் ஏற்றிக் கூட்டி வருவது, இலவச மருந்து மாத்திரை, செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம். பணம் வேண்டுமென்றால் உடலைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். கௌரவமாக அடக்கம் செய்யக்கூட வழியில்லாத ஜனங்களிடம் அடக்கச் செலவைக் காட்டி உடலை வாங்குவது ஒப்புதலா? நம் ஊரில் சாவுக்குக் கடன் வாங்கிக் கொத்தடிமையானவர்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் யூனிஸ் ரிவர்ஸ் என்கிற கறுப்பின நர்ஸ். வீடு வீடாகப் போனவர், அந்த ஆண்கள் மிகவும் நம்பியவர். அவரை வில்லியாக்குவது சுலபம். எனக்கு அதில் அக்கறையில்லை. வெள்ளை டாக்டர்களுக்குத் தர மறுத்திருக்கக்கூடிய சம்மதத்தை ஜனங்கள் 'நம்ம ஆளு' என்று அவருக்குத் தந்தார்கள். படித்து முன்னேறிய நம்மில் ஒருவரை இடையில் நிறுத்திச் சம்மதம் வாங்குகிற உத்தி அது. மருத்துவக் கல்லூரியிலும் சமூகப் பணியிலும் படிக்கிற நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டிய இடம் இது.

1966இல் ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி பீச்சர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நல்ல இதழ்களில் வந்த ஆராய்ச்சிகளிலிருந்தே 22 உதாரணங்களை எடுத்து, இவை எல்லாம் நெறி தவறியவை என்று காட்டினார். அவர் முதலில் திரட்டிய 50 உதாரணங்களில் ஒப்புதல் பற்றிய பேச்சே 2இல்தான் இருந்தது. துணிச்சலான கட்டுரை, சந்தேகமில்லை. ஆனால் அந்த 22 ஆராய்ச்சிகளைச் செய்தவர்களின் பெயரை அவர் வெளியிடவில்லை. தனி ஆட்களைக் குற்றம் சாட்டுவது நோக்கமில்லை என்று விட்டுவிட்டார். இதை 1971 அஞ்சலிக் கட்டுரையோடு சேர்த்துப் படியுங்கள். தப்புச் செய்த டாக்டரின் பெயர் மறைக்கப்படுகிறது. ஒரு தப்பும் செய்யாத நோயாளியின் பெயர் அச்சாகிறது.

*

இதற்குப் பிறகு விதிகள் வந்தன. அவற்றை அலட்சியம் செய்யக் கூடாது, அவையும் போராட்டத்தின் விளைவுதான். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. நெறி தவறிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை இதழ்கள் ஏற்கக் கூடாது என்று 1975இல் அதில் சேர்த்தார்கள். 1995இல் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, நோயாளியை அடையாளம் காட்டும் தகவலை எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் போடக் கூடாது, கட்டுரையை அவருக்குக் காட்ட வேண்டும் என்றது. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் போதும் என்கிற பழைய வழக்கம் போதாது என்றும் சொன்னது. 2024இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் 'ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்' என்கிற பொருள்படும் சொல்லை எடுத்துவிட்டு 'பங்கேற்பவர்' என்று மாற்றியது. சொல் மாறியிருக்கிறது. பங்கு வந்திருக்கிறதா?

தனி ஆளின் பெயரை மட்டும் மறைத்தால் போதுமா என்கிற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் சில நூறு பேர்தான். 1990களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சர்க்கரை நோய்க்கு என்று சொல்லி அவர்களிடம் ரத்தம் வாங்கினார்கள். அதே ரத்தத்தில் மனநோய் பற்றியும், அவர்கள் எங்கிருந்து குடிபெயர்ந்தவர்கள் என்பது பற்றியும் ஆராய்ந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்குதான் எங்கள் பூர்வீகம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஒருத்தர் பெயரும் வெளியே வரவில்லை, ஆனால் ஒரு ஜனமே அச்சில் மாட்டிக்கொண்டது. 2010இல் பல்கலைக்கழகம் நஷ்ட ஈடு கொடுத்து ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. சாதிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டுவிட்டு ஆளின் பெயரை மட்டும் அடைப்புக்குள் மறைக்கிற ஆய்வேடுகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

*

ஹென்ரியெட்டாவின் செல்களில் ஒரு வைரஸ் இருந்தது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனின் குழு 1980களில் அதை அடையாளம் கண்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் இந்த வகை வைரஸ்கள்தான் என்று நிறுவியதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அறிவிலிருந்துதான் தடுப்பூசி வந்தது. நல்ல தடுப்பூசி. அதில் நமக்குச் சண்டை இல்லை.

2009இல் அந்தத் தடுப்பூசி ஆந்திராவின் கம்மம் மாவட்டத்துக்கு வந்தது. பாத் என்கிற அமெரிக்க அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு மூன்றும் சேர்ந்து 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 14,000 பேருக்குப் போட்டன. பலர் அரசு விடுதியில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகள். குஜராத்தின் வடோதராவிலும் போட்டார்கள். இதை ஆராய்ச்சி என்று சொல்லவில்லை, 'செயல்விளக்கத் திட்டம்' என்றார்கள். 7 சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

ஆனால் விசாரணையில் வேறொன்றும் வெளிவந்தது. ஆந்திராவில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதி வார்டன்கள். 1,948இல் கைநாட்டு. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆராய்ச்சிக் காகிதங்கள் அத்தனையிலும் 'நான்' என்று தன்மையில் பேசுவது ஒப்புதல் படிவம் ஒன்றுதான். நான் படித்தேன், நான் புரிந்துகொண்டேன், நான் சம்மதிக்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் அந்த ஆள் படர்க்கை, எண், சதவீதம். அந்த ஒரே 'நானை'யும் வார்டன் போட்டுவிட்டார். பிள்ளையின் அப்பா அம்மா காட்டிலோ வயலிலோ இருந்திருப்பார்கள். கேட்க ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. இந்தியா உட்பட நான்கு நாடுகளில் தடுப்பூசி எத்தனை சதவீதம் பேரைச் சென்றடைந்தது என்கிற கட்டுரை 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. கட்டுரையின் அலகு சதவீதம். கையெழுத்து யாருடையது என்பது வேறொரு காகிதத்தில், விசாரணை அறிக்கையில் கிடக்கிறது.

'இப்படி ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கிட்டிருந்தா ஆராய்ச்சி நடக்குமா? மருந்து உங்க ஜனத்துக்கும்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. ஹீலா குடும்பமே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. கேட்டபோது அவர்கள் மறுக்கவில்லை. கேட்கப்படாததைத்தான் எதிர்த்தார்கள். கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள், மறுக்கிற உரிமை எங்களுக்கு உண்டு என்பதையே ஒத்துக்கொள்ளவில்லை.

பெயரை மறைப்பதா போடுவதா என்பதற்குப் பொது விடை கிடையாது. தன் பெயரைச் சொல்லி எழுதுவது தலித் தன்வரலாறுகளின் பலம். ஒரு வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட பெண் பெயரை மறைக்கச் சொன்னால் அதுவும் அவருடைய பலம்தான். ஹென்ரியெட்டாவின் குடும்பம் அவருடைய பெயர் தெரிய வேண்டும் என்றது, மரபணு தெரியக் கூடாது என்றது. இரண்டையும் ஒரே வாய் சொல்வதில் முரண் ஒன்றும் இல்லை. அது அவர்கள் முடிவு. சாட்சியங்களை வெளியிடும் நம் இதழ்களுக்கும், உண்மை அறியும் குழு அறிக்கைகளுக்கும் இதே அளவுகோல்தான்.

ஆகவே மருத்துவம் படிக்கிற, ஆய்வு செய்கிற தோழர்கள் நாளைக்கு ஒரு சேரிக்குள் படிவத்தோடு நுழையும்போது சில காரியங்களைச் செய்யலாம். படிவத்தை அவர்கள் பேசுகிற தமிழில் வாய்விட்டுப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி ஒருவர் முழு நேரமும் உடன் இருக்க வேண்டும் என்று 2019ஆம் வருட இந்திய மருந்துச் சோதனை விதிகளே சொல்கின்றன. அந்தச் சாட்சி வார்டனாகவும் வேண்டாம், பஞ்சாயத்துத் தலைவராகவும் வேண்டாம். எதற்கு எடுக்கிறோம் என்பதோடு, வேறு எதற்கெல்லாம் எடுக்க மாட்டோம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். கட்டுரை அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை அதே தெருவுக்குத் திரும்பிப் போங்கள். என்ன எழுதியிருக்கிறோம் என்று படித்துக் காட்டுங்கள். 'இத எடுத்துடு தம்பி' என்று ஒரு கிழவி சொன்னால், அது எவ்வளவு நல்ல தகவலாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.